ரயில்வேக்கு பிறந்தநாள்னா அது யாரோட பிறந்தநாள்?

கேள்வியைச் சுருக்கமா சொல்லிட்டு ஆரம்பிக்கறேன். ஆறாவது படிக்கற பையனுக்கு ஸ்கூல்ல ரயில்வே வாரத்துக்கு சார்ட் பண்ணச் சொல்லியிருக்காங்க, எங்க தேடினாலும் 1853 ஏப்ரல் 16 பம்பாய் டூ தாணே கதைதான் வருது, அதுக்கு முன்னாடி இந்தியாவுல ரயிலே இல்லையா? அப்புறம் வீட்டுல தாத்தா "வெள்ளைக்காரன் அவன் வசதிக்குப் போட்டுக்கிட்டதை நாம எதுக்குடா கொண்டாடணும்"னு கேக்கறாரு, அவருக்கு என்ன பதில்? இதான் கேட்டிருக்கீங்க.

எங்கப்பா மெயின் லைன்ல, மாயவரம் தஞ்சாவூர் பக்கம், கீமேனா, அதாவது தண்டவாளத்தை தினம் நடந்து பாத்து சரி பண்றவரா இருந்து ரிட்டையர் ஆனவர். ரயில்வே குவார்ட்டர்ஸ்லதான் வளர்ந்தேன், அதனால இந்த விஷயத்துல எனக்கு ஒரு பக்கச் சார்பு உண்டு, அதை முதல்லயே சொல்லிடறேன். தாத்தா கேக்கற கேள்வி நியாயமான கேள்வி. ஆனா கொண்டாடணும்ங்கறதுதான் என் பதில், யாரைக் கொண்டாடறோம்ங்கறதை மட்டும் கொஞ்சம் மாத்திக்கணும்.

முதல்ல 1853-ஐ முடிச்சிடலாம். அன்னைக்கு மத்தியானம் மூணரை மணி வாக்குல பம்பாய் போரிபந்தர்லேர்ந்து 14 பெட்டி, சுமார் 400 விருந்தாளிங்க, சாகிப், சிந்து, சுல்தான்னு பேர் வெச்ச மூணு எஞ்சின், 21 குண்டு மரியாதை, பேண்டு வாத்தியம் எல்லாத்தோடயும் 34 கிலோமீட்டர் தள்ளி இருக்கற தாணேக்குப் போச்சு. பொதுஜனம் காசு குடுத்து டிக்கெட் வாங்கி ஏறி உக்காரக்கூடிய முதல் ரயில் பாதை அது, அதனாலதான் அதைப் பிறந்தநாளா வெச்சிருக்காங்க, அதுல தப்பு ஒண்ணும் இல்ல. அடுத்த வருஷம், 1854 ஆகஸ்ட் 15, ஹவுரா டூ ஹூக்ளி. இதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அந்த லைனுக்கு இங்கிலாந்துலேர்ந்து பெட்டி ஏத்திட்டு வந்த கப்பல் மூழ்கிப் போச்சு, எஞ்சின் ஏத்தின கப்பல் வழி தப்பி ஆஸ்திரேலியாவுக்குப் போயிடுச்சு, கடைசில பெட்டியை கல்கத்தாவுலயே செஞ்சு ஓட்டினாங்க. ஆரம்பத்துலயே நம்ம ஊர் தச்சு வேலைக்காரங்க கை இதுல பட்டிருக்குங்கறதுக்காக இதைச் சொல்றேன்.

ஆனா தண்டவாளம் இந்தியாவுக்கு வந்தது அதுக்கு பதினஞ்சு பதினாறு வருஷம் முன்னாடி, அதுவும் நம்ம மெட்ராஸ்ல! 1836-ல சிந்தாதிரிப்பேட்டை பாலத்துக்குப் பக்கத்துல சோதனைக்குன்னு ஒரு சின்ன தண்டவாளம் போட்டுப் பாத்தாங்க, அது சரியா வந்ததும் 1837-ல செங்குன்றத்துலேர்ந்து சிந்தாதிரிப்பேட்டை வரைக்கும் வேலையை எடுத்தாங்க. ரெட் ஹில்ஸ் ரயில்வேன்னு பேரு. எதுக்குன்னா கல்லு. செங்குன்றம்னு பேர்லயே இருக்கே, அந்தச் செம்மண் குன்றுலேர்ந்து வெட்டின செம்புராங்கல்லை மெட்ராஸ்ல ரோடு போடறதுக்குக் கொண்டு வரணும், மாட்டு வண்டில ஏத்தினா சக்கரம் மண்ணுல புதைஞ்சுடுது, செலவும் நேரமும் தாங்கல. தண்டவாளத்துல வெச்சா அதே மாடு பல மடங்கு பாரத்தை இழுக்கும், இரும்பு மேல இரும்பு உருளும்போது உராய்வு அவ்வளவு கம்மி. நீராவி எஞ்சினும் ஓட்டிப் பாத்தாங்க, வில்லியம் ஏவரி செஞ்ச சுழல் எஞ்சின், ஆனா பெரும்பாலும் மாடுதான் இழுத்துச்சு. இதுக்குப் பின்னாடி இருந்த பேர் ஆர்தர் காட்டன், ஆமா நம்ம கொள்ளிடத்துல அணை கட்டின அதே காட்டன்தான். அவரே 1845-ல கோதாவரில தவளேஸ்வரத்துல அணைக்கட்டுக்கு கல்லு கொண்டு போக இன்னொரு தண்டவாளம் போட்டாரு. 1851 டிசம்பர்ல ரூர்க்கி பக்கம் சோலானி ஆத்துக்கு மேல கால்வாய்ப் பாலம் கட்டறப்போ மண்ணு சுமக்க தாம்சன்னு ஒரு நீராவி எஞ்சின் ஓடுச்சு.

இந்த மூணையும் சேத்து வெச்சுப் பாருங்க. ரோட்டுக்குக் கல்லு, அணைக்குக் கல்லு, கால்வாய்க்கு மண்ணு. பேண்டு வாத்தியம், குண்டு மரியாதை எதுவும் இல்லாம, கூலிக்காரங்களும் மாடுங்களும் சேந்து இழுத்துதான் இந்த நாட்டுல ரயில் உள்ள வந்துச்சு. சார்ட்ல முதல் படம் இதா இருக்கணும்ங்கறது என் ஆசை.

அடுத்து ராயபுரம். 1856 ஜூன் 28 கவர்னர் லார்டு ஹாரிஸ் ஸ்டேஷனைத் திறந்து வெச்சாரு, ஜூலை 1 ராயபுரம் டூ வாலாஜா ரோடு, சுமார் 100 கிலோமீட்டர், சர்வீஸ் ஆரம்பம், தென்னிந்தியாவுல முதல் பயணிகள் ரயில் அதுதான். சென்ட்ரல் வந்தது 1873-ல, எழும்பூர் வந்தது 1908-ல, அதுக்கெல்லாம் முன்னாடி மெட்ராஸ்னா ராயபுரம்தான். பம்பாய்ல அந்தப் பழைய போரிபந்தர் ஸ்டேஷனும் கிடையாது, பழைய தாணே ஸ்டேஷனும் கிடையாது, ஆனா ராயபுரம் ஸ்டேஷன் கட்டடம் இன்னைக்கும் நிக்குது, 2005-ல புதுப்பிச்சாங்க, இந்தியாவுலயே இன்னும் ரயில் நிக்கற ரொம்பப் பழைய ஸ்டேஷன் கட்டடம் அதுதான். தூண் வரிசையோட நிக்கற அந்த முகப்பு முன்னாடி பையனைக் கூட்டிட்டுப் போய் நிறுத்தி ஒரு போட்டோ எடுங்க. கடற்கரை ஸ்டேஷன்லேர்ந்து ஒரே ஸ்டாப்பு, டிக்கெட் காசு ஒரு டீ விலைக்குக் கூட வராது.

சரி, இப்ப தாத்தா கேட்ட கேள்வி. அவர் சொல்றது சரிதான். 1849-ல ஈஸ்ட் இந்தியன் ரயில்வே, கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேன்னு ரெண்டு கம்பெனியோட போட்ட ஒப்பந்தத்துல, முதல் போட்ட லண்டன்காரங்களுக்கு 5 சதவீதம் வருமானம் உத்தரவாதம்னு எழுதிக் குடுத்தாங்க. லாபம் வரலைன்னா துண்டு விழற காசை இந்திய கஜானாலேர்ந்து, அதாவது நம்ம முப்பாட்டன் கட்டின நிலவரிலேர்ந்து எடுத்துக் குடுப்பாங்க. எவ்வளவு செலவு பண்ணாலும் வருமானம் நிச்சயம்னா யார் சிக்கனமா வேலை பாப்பாங்க? ஒரு மைலுக்கு 8,000 பவுண்டுன்னு போட்ட மதிப்பீடு ரெண்டு மடங்கைத் தாண்டிப் போச்சு. பஞ்சு துறைமுகத்துக்குப் போகணும், மான்செஸ்டர் துணி உள்நாட்டுக்கு வரணும், கலகம்னா பட்டாளம் சீக்கிரம் போய்ச் சேரணும், இதெல்லாம் அவங்க மறைச்ச விஷயமும் இல்ல, அப்போ கவர்னர் ஜெனரலா இருந்த டல்ஹவுசி 1853-ல எழுதின குறிப்புலயே வெளிப்படையா இருக்கு.

1876லேர்ந்து 78 வரைக்கும் தாது வருஷப் பஞ்சம். மெட்ராஸ் மாகாணத்துல லட்சக்கணக்குல ஜனம் செத்துச்சு. ரயில் இருந்தா பஞ்சம் வராதுன்னு சொல்லித்தான் ரயிலைப் போட்டாங்க, ஆனா விலை எங்க அதிகமோ அங்கதான் வியாபாரி தானியத்தை அனுப்புவான், அதே தண்டவாளத்துல தானியம் துறைமுகத்துக்கும் போச்சு, ஏத்துமதி நிக்கவே இல்ல. வாங்கக் காசில்லாதவன் ஸ்டேஷன்ல அடுக்கின மூட்டையைப் பாத்துக்கிட்டே சாக வேண்டியதாச்சு. ஒரு தண்டவாளம் நல்லது பண்ணுமா கெட்டது பண்ணுமாங்கறது அது யார் கையில இருக்குங்கறதைப் பொறுத்தது, இதை அந்தப் பஞ்சம் மாதிரி வேற எதுவும் காட்டல. இதையும் சார்ட்ல போடணும், கொண்டாட்டம்னு சொல்லிட்டு இதை விட்டுட்டா தாத்தா சும்மா விட மாட்டாரு, விடவும் கூடாது.

அப்ப எதைக் கொண்டாடறது? போர் காட்ங்கற மலைப்பாதை பத்திச் சொல்றேன். பம்பாய்லேர்ந்து புனே போகணும்னா கர்ஜத்துக்கும் லோனாவாலாவுக்கும் நடுவுல சஹ்யாத்ரி மலை செங்குத்தா நிக்குது, 1856லேர்ந்து 1863 வரைக்கும் அதைக் குடைஞ்சாங்க, 25 சுரங்கம், பள்ளத்தாக்கு மேல பாலம் பாலமா கட்டணும். 1861 வாக்குல 40,000 பேருக்கு மேல அங்க வேலை பாத்தாங்க, ஆம்பளை பொம்பளை புள்ளைங்கன்னு குடும்பம் குடும்பமா வந்த ஜனம். பாறைல துளை போட இடுப்புல கயிறு கட்டி மலைச்சரிவுல தொங்கினாங்க. காலரா வந்து கொத்து கொத்தா செத்தாங்க. கூலியைச் சரியா குடுக்கலைன்னு 1859-ல பெரிய கலவரமே நடந்துச்சு. அதே வருஷம் புது காண்ட்ராக்டரா வந்த சாலமன் ட்ரெட்வெல் இங்க வந்து கொஞ்ச நாள்லயே நோய்ல செத்துட்டாரு, அவரு மனைவி ஆலிஸ் ட்ரெட்வெல் ஊருக்குத் திரும்பிப் போகாம காண்ட்ராக்டைத் தன் பேர்ல எடுத்து வேலையை முடிச்சாங்க. அந்தம்மா பேர் நமக்குத் தெரியுது, சந்தோஷம். கயித்துல தொங்கினவங்க ஒருத்தர் பேரும் தெரியல. இந்த நாட்டு ரயில்வேல எந்த மலைப்பாதைல போனாலும், எந்தப் பழைய பாலத்துல போனாலும் எனக்கு அவங்க ஞாபகம்தான் வரும், பிறந்தநாள்னா முதல் வாழ்த்து அவங்களுக்குப் போகணும்.

இன்னொண்ணு ஜனங்களே பண்ணது. இந்தியாவுல ஜாதி பாக்கறவங்க, ஏழைங்க, இவங்க எங்க ரயில் ஏறப் போறாங்கன்னு லண்டன்ல சில பேர் ஆரம்பத்துல சந்தேகப்பட்டாங்க, சரக்குதான் வருமானம்னு கணக்குப் போட்டாங்க. நடந்ததே வேற, மூணாங்கிளாஸ் பெட்டி பிதுங்கி வழிஞ்சுது, பயணிகள்கிட்ட வந்த வருமானத்துல பெரும்பங்கு அந்த மரப்பெஞ்சு பெட்டிலேர்ந்துதான் வந்துச்சு. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வேலை தேடியும் ஜனம் கிளம்பிருச்சு. தொட்டா தீட்டுன்னு சொன்னவனும் அவன் ஒதுக்கினவனும் ஒரே பெஞ்சுல தோள் இடிச்சுக்கிட்டு உக்காந்தாங்க. உடனே எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லல, ஸ்டேஷன் சாப்பாட்டு அறையில பிராமணர்களுக்குத் தனி இடம்ங்கற வழக்கம் ரொம்ப நாள் இருந்துச்சு, பெரியார் போராடி 1941-லதான் அது தெற்குல போச்சு. மூணாங்கிளாஸ்னு ஒரு வகுப்பே 1974 வரைக்கும் இருந்துச்சு.

கேஜ், அதாவது ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல இருக்கற அகலம், அந்த விஷயத்தைக் கொஞ்சம் விலாவாரியா சொல்லணும், ஏன்னா எங்க வீட்டு வாழ்க்கையே மீட்டர்கேஜ்தான். டல்ஹவுசி காலத்துல 5 அடி 6 அங்குலம்னு ப்ராட்கேஜ் முடிவாச்சு, அவரு 6 அடி கேட்டாரு, பேசிப் பேசி இதுல வந்து நின்னுச்சு, அதனாலதான் இன்னைக்கும் நம்ம பாதை இங்கிலாந்துப் பாதையை விட அகலம். 1870 வாக்குல செலவு கட்டுப்படி ஆகலைன்னு வைஸ்ராய் லார்டு மேயோ குறுகலான பாதை போதும்னாரு, இந்தியாவுல மெட்ரிக் அளவு வரப் போகுதுன்னு எதிர்பாத்து சரியா 1 மீட்டர்னு வெச்சாங்க. மெட்ரிக் வந்தது சுதந்திரத்துக்கு அப்புறம், ஆனா மீட்டர்கேஜ் உடனே வந்துடுச்சு! நாகப்பட்டினத்துலேர்ந்து தஞ்சாவூருக்கு 1861-ல, திருச்சிக்கு 1862-ல கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே போட்ட பாதை முதல்ல ப்ராட்கேஜ்தான், அதை 1870கள்ல பிடுங்கி மீட்டர்கேஜா குறுக்கினாங்க, அந்தக் கம்பெனியே 1874-ல சவுத் இந்தியன் ரயில்வே ஆச்சு. அப்புறம் 1992-ல எல்லாத்தையும் ஒரே கேஜ் ஆக்கற திட்டம் வந்து, 2000-க்கு மேல எங்க பக்கம் மறுபடி பிடுங்கி ப்ராட்கேஜ் ஆக்கினாங்க. ஒரே ஊர், ஒரே மண்மேடு, அகலம், குறுகல், திரும்ப அகலம். விழுப்புரம் மாயவரம் பாதை 2006 கடைசில மூடி 2010-ல தான் திறந்துச்சு, அத்தனை வருஷம் சிதம்பரம், சீர்காழி ஜனத்துக்கு ரயிலே இல்ல, கேஜ் மாறின சந்தோஷத்துல அந்தக் கஷ்டத்தை யாரும் இப்போ பேசறதில்ல.

ரெண்டு கேஜ் இருந்தா என்ன கஷ்டம்னு பையன் கேட்டா இப்படிச் சொல்லுங்க: ரெண்டு கேஜும் சந்திக்கற ஸ்டேஷன்ல ஒவ்வொரு மூட்டையையும் இந்த வண்டிலேர்ந்து இறக்கி அந்த வண்டில ஏத்தணும், கல்லு, நெல்லு, உரம், சிமெண்டு எதுவா இருந்தாலும். அதுக்குன்னே தலைமுறை தலைமுறையா கூலிக்காரங்க இருந்தாங்க, அவங்க முதுகுலதான் ரெண்டு கேஜும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

அப்பாவோட வேலை என்னன்னா தினம் காலைல வெளிச்சம் வர்றப்போ கிளம்பி தனக்குன்னு ஒதுக்கின சில கிலோமீட்டர் பாதையை நடந்தே பாத்துட்டு வரணும். தோள்ல நீளக் கைப்பிடி சுத்தியல், பையில ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, பட்டாசு. தண்டவாளத்தைக் கட்டையோட பிடிச்சு வெச்சிருக்கற சாவிங்க ரயில் ஓட ஓட அதிர்ந்து நழுவும், ஒவ்வொண்ணையும் தட்டி உள்ள ஏத்தணும், ஜாயிண்ட்ல ரெண்டு தண்டவாளத்தையும் சேத்துப் பிடிக்கற பிஷ்பிளேட் பட்டையோட போல்ட்டு தளர்ந்திருந்தா முறுக்கணும், தண்டவாளத்துல விரிசல் இருக்கான்னு கண்ணால பாக்கறதை விட சத்தத்துல கண்டுபிடிக்கறதுதான் அதிகம்னு அப்பா சொல்வாரு, நல்ல தண்டவாளம் மணி மாதிரி கேக்கும், விரிசல் விட்டது பானை மாதிரி கேக்கும். விரிசல் இருந்தா கொடியை நட்டுட்டு வண்டி வர்ற திசைல ஓடணும், தூரத்துல தண்டவாளத்து மேல பட்டாசு கட்டி வெக்கணும், எஞ்சின் சக்கரம் ஏறினதும் வெடிச்சா டிரைவர் நிறுத்திடுவாரு. அப்பா தன் சர்வீஸ்ல ரெண்டு தடவை அப்படி ஓடியிருக்காரு, ரெண்டும் மார்கழிப் பனில, குளிர்ல இரும்பு சுருங்கும்போதுதான் விரிசல் விடும். வண்டில இருந்தவங்களுக்கு "என்னப்பா இங்க நிக்குது"ங்கறதைத் தவிர வேற ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

டோக்கன் விஷயமும் பையனுக்குப் பிடிக்கும். ஒத்தைத் தண்டவாளத்துல எதிரெதிரா ரெண்டு வண்டி எப்படி மோதிக்காம போகுது? பக்கத்துப் பக்கத்து ரெண்டு ஸ்டேஷன்லயும் ஒரு மெஷின் இருக்கும், கரண்டு கம்பியால ரெண்டும் பேசிக்கும், உள்ள இரும்புப் பந்து மாதிரி டோக்கன். ஒரு பந்து வெளில வந்துடுச்சுன்னா அது ஏதாவது ஒரு மெஷின்ல திரும்பப் போற வரைக்கும் ரெண்டு மெஷினும் அடுத்த பந்தைக் குடுக்காது. அந்தப் பந்து கையில இல்லாம டிரைவர் வண்டியை எடுக்க முடியாது, அதனால அந்தப் பாதைல ஒரு நேரத்துல ஒரு வண்டிதான். நிக்காம போற வண்டிக்குப் பந்தைப் பையில போட்டு பிரம்பு வளையத்துல கட்டி பாயிண்ட்ஸ்மேன் தூக்கிப் பிடிச்சு நிப்பாரு, எஞ்சின்ல இருக்கறவரு கையை நீட்டி வளையத்தை மாட்டிக்கிட்டு முந்தின செக்‌ஷன் வளையத்தைக் கீழ விட்டெறிவாரு. ராத்திரில தீவட்டி வெளிச்சத்துல அதைப் பாத்திருக்கேன், சின்ன வயசுல நான் பாத்த பெரிய வித்தை அதுதான். இப்போ எல்லாம் கலர் லைட் சிக்னல், கம்ப்யூட்டர், கைகாட்டி மரமும் போச்சு வளையமும் போச்சு, பாதுகாப்பு கூடியிருக்கு, அது நல்லதுதான்.

பாம்பன் இல்லாம இந்தப் பதில் முடியாது. 1911-ல வேலை ஆரம்பிச்சு 1914 பிப்ரவரி 24 திறந்தாங்க, கடல் மேல ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, நடுவுல கப்பல் போறதுக்கு ரெண்டு கையைத் தூக்கற மாதிரி திறக்கற ஷெர்சர் ஸ்பேன். கையால ஆளுங்க லீவர் சுத்தித்தான் திறப்பாங்க. எழும்பூர்ல போட் மெயில் ஏறினா தனுஷ்கோடி, அங்க கப்பல், தலைமன்னார்ல இறங்கி ரயில், கொழும்பு கோட்டை, எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஜனமும், யாவாரம் பண்ணப் போனவங்களும் இந்த வழியாத்தான் போனாங்க வந்தாங்க.

1964 டிசம்பர் 22 ராத்திரி புயல். பாம்பன் தனுஷ்கோடி பாசஞ்சர், நம்பர் 653, தனுஷ்கோடி ஸ்டேஷனை நெருங்கற நேரத்துல அலை வந்து வண்டியை அப்படியே வாரிக்கிட்டுப் போச்சு, 100 பேருக்கு மேல, ஒருத்தரும் மிஞ்சல. தனுஷ்கோடி ஊரே போச்சு, அந்த ரயில் பாதை அதோட முடிஞ்சுது, போட் மெயிலோட கப்பல் ராமேஸ்வரத்துலேர்ந்து கிளம்ப ஆரம்பிச்சுது, பின்னால அதுவும் நின்னுச்சு. பாம்பன் பாலத்துல பெரும்பாலான கர்டர், அதாவது தண்டவாளத்தைத் தாங்கற இரும்பு உத்தரம், கடல்ல விழுந்துடுச்சு, ஆனா நடுவுல இருந்த தூக்கு ஸ்பேன் தாங்கி நின்னுச்சு. ரிப்பேருக்கு 6 மாசம்னு கணக்குப் போட்டதை, அப்போ முப்பது வயசு சொச்சம் இருந்த ரயில்வே இன்ஜினியர் இ. ஸ்ரீதரன் தலைமைல 46 நாள்ல முடிச்சாங்க, கடலுக்குள்ள கிடந்த கர்டரைத் தேடி எடுத்து திரும்பத் தூக்கி வெச்சு. ஸ்ரீதரன் பேர் எல்லாருக்கும் தெரியும், தெரியவும் வேணும், அந்தக் காத்துல கர்டர் மேல நின்ன கலாசித் தொழிலாளிங்களையும் சேத்து நினைச்சுக்கோங்க. பழைய பாலத்துல 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்திட்டாங்க, செங்குத்தா மேல தூக்கற புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 திறந்தாச்சு, பழசு 108 வருஷம் உப்புக் காத்துல வேலை பாத்துச்சு. கடல் உப்புல இரும்பைத் துருப்பிடிக்காம வெச்சிருக்க ஒரு பக்கம் பெயிண்ட் அடிச்சு முடிச்சு மறுபக்கம் வர்றதுக்குள்ள முதல் பக்கம் திரும்ப அடிக்கணும், அந்த 108 வருஷம் அப்படித்தான் வந்தது.

ஊட்டி ரயில் பத்தி உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், வேகமா சொல்றேன். மேட்டுப்பாளையம் குன்னூர் 1899, ஊட்டி 1908, மொத்தம் 46 கிலோமீட்டர், கல்லாறு தாண்டினதும் 12 அடி போனா 1 அடி ஏறும், சாதா சக்கரம் வழுக்கும், அதனால நடுவுல பல்லு வெச்ச தண்டவாளம், எஞ்சின் அடில பல்சக்கரம். எஞ்சின் பின்னாடி நின்னு தள்ளிட்டுப் போகும். 2005-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்துச்சு. சுவிட்சர்லாந்துல செஞ்ச எக்ஸ் கிளாஸ் எஞ்சின் பழசாகி ஒவ்வொண்ணா படுத்ததும், அதே மாதிரி நீராவி எஞ்சினைப் புதுசா செஞ்சு குடுத்தது திருச்சி பொன்மலை ஒர்க்‌ஷாப் ஆளுங்க. உலகமே நீராவியை விட்டு எவ்வளவோ வருஷம் ஆனப்புறம் அதைப் புதுசா செய்யத் தெரிஞ்ச கை பொன்மலைல இருக்கு, எனக்கு அதுல அவ்வளவு பெருமை!

பொன்மலைன்னதும் சொல்லியே ஆகணும். நாகப்பட்டினத்துல இருந்த ஒர்க்‌ஷாப்பை 1928 வாக்குல பொன்மலைக்கு மாத்தினாங்க, அதோட ஆளைக் குறைக்கவும் பாத்தாங்க, அதை எதிர்த்து 1928-ல சவுத் இந்தியன் ரயில்வே முழுக்க ஸ்டிரைக். தொழிலாளர் தலைவருங்க சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்கார் ரெண்டு பேரையும் ஜெயில்ல போட்டாங்க, ஸ்டிரைக் தோத்துச்சு. 1946 செப்டம்பர் 5, அதே பொன்மலைல துப்பாக்கிச்சூடு, 5 தொழிலாளிங்க செத்தாங்க. ஒவ்வொரு செப்டம்பர் 5-க்கும் அங்க தியாகிகள் நாள் நடக்குது, நாடு முழுக்க ஆசிரியர் தினம் கொண்டாடற அதே நாள். 1974 மே மாசம் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமைல 17 லட்சம் பேர்னு சொல்ற அந்தப் பெரிய ஸ்டிரைக்ல குவார்ட்டர்ஸ்ல ஸ்டிரைக் பண்ணவங்க வீட்டுச் சாமானை எடுத்து வெளில போட்ட கதை இன்னும் பழைய ஆளுங்க சொல்லுவாங்க. எட்டு மணி நேர வேலை, வார லீவு, போனஸ் இதெல்லாம் யாரும் தானா தூக்கிக் குடுக்கல. கம்பெனி ரயில்வே எல்லாம் சட்டப்படி நம்ம ரயில்வே ஆகி, 1951-ல சவுத் இந்தியன், மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா, மைசூர் மூணையும் சேத்து ஏப்ரல் 14 சதர்ன் ரயில்வே, நாட்டோட முதல் ஜோன். ஆனா என்னைக் கேட்டா அது நம்மளோடது ஆக ஆரம்பிச்சது பொன்மலைல. தாத்தாவுக்கு என் பதில் இதுதான். வெள்ளைக்காரன் போட்டான்னு சொல்றோம், காசு நம்ம வரிப்பணம், கல்லு சுமந்தது நம்ம ஆளு, அதைக் கேட்டு வாங்கறதுக்கு செத்ததும் நம்ம ஆளு.

அரியலூரையும் விட முடியாது. 1956 நவம்பர் 23 விடியக்காலை, மருதையாறு வெள்ளத்துல பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆத்துல விழுந்துச்சு, 140 பேருக்கு மேல இறந்தாங்க. ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா பண்ணாரு. அப்பா வேலைக்குச் சேந்தப்போ பெரிய மேஸ்திரிங்க மழைக்காலம் வந்தாலே அந்தக் கதையைச் சொல்லித்தான் புது ஆளுங்களைப் பாலத்துக்குக் காவல் அனுப்புவாங்களாம், விடிய விடிய குடையும் லாந்தரும் வெச்சுக்கிட்டு தண்ணி அளவுக் குறியைப் பாத்துக்கிட்டே நிக்கணும்.

சார்ட்டுக்கு வர்றேன், நிறைய பேசிட்டேன். இடம் கம்மின்னா இப்படிப் பண்ணுங்க. முதல் கட்டத்துல 1837 செங்குன்றம், மாடு இழுக்கற கல்லு வண்டி. ரெண்டாவது 1853. மூணாவது ராயபுரம், நீங்க எடுத்த போட்டோவையே ஒட்டுங்க. நாலாவது போர் காட், கயித்துல தொங்கற ஆளுங்க, பையன் கையாலயே வரையட்டும். தாது வருஷத்துக்கு ஒரு கட்டம். 1931-ல கடற்கரை தாம்பரம் மின்சார ரயில், 1955 அக்டோபர் 2 பெரம்பூர்ல ரயில் பெட்டி செய்யற ஐசிஎஃப் தொழிற்சாலை, 2019-ல அதே ஐசிஎஃப்ல செஞ்ச வந்தே பாரத் ஓட ஆரம்பிச்சது, இந்த மூணும் சின்னச் சின்ன கட்டம் போதும். பாம்பனுக்குப் பெரிய கட்டம் விடுங்க. நேரம் இருந்தா பெரம்பூர் பக்கத்துல ரயில் மியூசியம் இருக்கு, கூட்டிட்டுப் போங்க. 1855-ல செஞ்ச ஈஐஆர் 21-னு ஒரு நீராவி எஞ்சின், நூறு வருஷம் சும்மா காட்சிக்கு நின்னதை பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்காரங்க உயிர் குடுத்து ஓட வெச்சாங்க, எப்பவாவது எழும்பூர் கோடம்பாக்கம் நடுவுல ஓட்டுவாங்க, அறிவிப்பு வந்தா விட்டுடாதீங்க.

கடைசிக் கட்டத்துல ஒரு கீமேனை வரையச் சொல்லுங்க. தலைல துண்டு, காக்கி டிரவுசர், தோள்ல சுத்தியல், கையில சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும். நிறைய பேர் படத்துல தண்டவாளத்துக்கு நடுவுல நடக்கற மாதிரி நேரா பாக்க வெச்சு வரைஞ்சுடறாங்க, அப்படி வேண்டாம், தலை குனிஞ்சு கீழ சாவியைப் பாத்துக்கிட்டே நடக்கற மாதிரி வரையணும், அப்பாகிட்ட இன்னைக்குக் கேட்டதுக்கு இதைத்தான் முதல்ல சொன்னாரு.